லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்கார்ட் கோட்டை: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் லாக் நெஸ் ஏரியை விடுவதில்லை. ஏரிக்குப் போனால் அதன் கரையில் இடிந்து நிற்கும் அர்கார்ட் கோட்டையும் கண்ணில் படாமல் போகாது. ஆனால் சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்களில் பலர் மேலே நின்றபடி இரண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு, கீழே இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும். அந்த மேட்டில் மனிதர்கள் ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக வாழ்ந்தும் சண்டையிட்டும் விட்டுப்போன தடயங்கள் கிடக்கின்றன. எதை எங்கே பார்ப்பது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் போதும். திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

கோட்டை சரியாக எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஹைலேண்ட்ஸ் பகுதியின் பெரிய ஊரான இன்வர்னஸிலிருந்து தென்மேற்கே சாலை வழியாகச் சுமார் 25 கி.மீ. லாக் நெஸ் ஏரி ஏறக்குறைய 37 கி.மீ. நீளம், அகலம் 3 கி.மீ. கூட இல்லை. அதன் மேற்குக் கரையிலிருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரோன் முனை என்ற பாறை மேட்டில்தான் கோட்டை. பக்கத்து ஊர் ட்ரம்னட்ராகிட். ஊரையும் கோட்டையையும் ஏ82 சாலை இணைக்கிறது.

முனையில் நின்று பார்த்தால் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். வடக்கேயும் தெற்கேயும் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடக்கிறது. நல்ல சாலை இல்லாத காலத்தில் கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே போக வர இந்தப் பெரும் பள்ளத்தாக்குதான் வழி. அதில் எந்தப் படகு நகர்ந்தாலும் இங்கிருப்பவன் கண்ணுக்குத் தப்பாது.

இடிந்த கோட்டைதானே, பார்க்க என்ன இருக்கப்போகிறது?

இருக்கிறது. ஆனால் சுற்றும் வரிசை முக்கியம். நான் யாருக்குச் சொன்னாலும் இப்படித்தான் சொல்வேன்.

முதலில் அகழி. கரைப்பக்கம் பாறையைக் குடைந்து வெட்டிய வறண்ட அகழி அது. அதிக அகலமுள்ள இடத்தில் 30 மீட்டர், சராசரி ஆழம் 5 மீட்டர். இதில் தண்ணீர் விட்டதே இல்லை. மற்ற மூன்று பக்கமும் ஏரி இருக்க, மிச்சமிருந்த நிலப்பக்கத்தை இப்படி வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். அகழியைக் கடக்கக் கல்லால் கட்டிய நடைவழி உண்டு. அதன் நடுவில் அந்நாளில் தூக்குப் பாலம் இருந்தது. இன்று அங்கே நிலையான பாலம். அதன் மேல் நின்று இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். எதிரி எந்த இடத்தில் மாட்டிக்கொள்வான் என்று தெரியும்.

அடுத்து கோட்டை வாசல். அரைவட்ட வடிவில் இரண்டு கோபுரங்கள், நடுவே வளைவு வழி. மேலிருந்து இறங்கும் கம்பிக் கதவு ஒன்று, அதற்குப் பின்னால் இரட்டை மரக்கதவுகள், இரு பக்கமும் காவலர் அறைகள் என்று இருந்த கட்டடம் இது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வாசலுக்கு அருகே, ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய சுவர்த் துண்டுகள் சாய்ந்து கிடக்கும். ஏதோ பாறை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். கிட்டே போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக அடுக்கிய கல்லும், நடுவே சுண்ணாம்புக் காரையும் அப்படியே தெரியும். அடுக்கு கலையவில்லை. சுவர் மட்டும் மொத்தமாகப் பெயர்ந்து சாய்ந்திருக்கிறது. தானாக இடிந்த சுவர் இப்படி விழாது. கல் கல்லாகத்தான் உதிரும். இது வெடிமருந்தின் வேலை. அந்தக் கதை கீழே வருகிறது.

உள்ளே போனதும் இரண்டு முற்றங்கள். வலது கைப்பக்கம், அதாவது தெற்கே, மேல் முற்றம். அதன் கோடியில் உள்ள மேடுதான் கோட்டையிலேயே பழைய பகுதி. புறா மாடத்தின் அடித்தளம், கொல்லுப்பட்டறை இருந்த இடம் எல்லாம் இந்தப் பக்கம்தான். புறா வளர்த்தது அழகுக்காக இல்லை, குளிர்காலத்தில் இறைச்சிக்காக. ஏரிப்பக்கச் சுவரில் ஒரு சின்ன வாசல் உண்டு. அதன் வழியே இறங்கினால் தண்ணீர். நிலப்பக்கம் முற்றுகை நடந்தாலும் படகில் ஆளும் அரிசிக்குச் சமானமான ஓட்ஸ் மாவும் வந்து சேர இந்த வழி இருந்தது.

இடது பக்கம், வடக்கே, கீழ் முற்றம். ஏரியை ஒட்டி விருந்து மண்டபம், பிரபுவின் அறை, சமையலறை என்று வரிசையாக இருந்தன. இன்று தரைமட்டச் சுவர்கள்தான் மிச்சம். கோடியில் நிற்பது, பிற்காலத்தில் கோட்டையை வைத்திருந்த கிராண்ட் குலத்தின் பெயரில் உள்ள கிராண்ட் கோபுரம். படங்களில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

கிராண்ட் கோபுரத்தில் ஏறலாமா?

ஏறலாம், ஏறவும் வேண்டும். கிழக்குச் சுவருக்குள்ளேயே கட்டிய சுழல்படி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. குறுகலானது. இறங்குகிறவர்கள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். கூட்ட நேரத்தில் பொறுமை தேவை.

கோபுரம் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 11 மீட்டர். சுவரின் கனம் சில இடங்களில் 3 மீட்டர் வரை. அடித்தளம் 14ஆம் நூற்றாண்டு, மேலே உள்ளதில் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. ஐந்து நிலை. தெற்குச் சுவர் இல்லாததால், வெட்டி வைத்த மாதிரி உள்ளே எல்லா மாடியும் தெரியும். எந்த உயரத்தில் தரை இருந்தது, எங்கே கணப்பு எரிந்தது என்று கீழிருந்தே காட்டலாம்.

ஜன்னல்களைத் தவறவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் நல்ல பெரியவை. வெளிச்சமும் ஏரிக் காட்சியும் வேண்டும் என்று நினைத்த ஒரு குடும்பம் கட்டியவை. அதே ஜன்னல்களுக்குக் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவை கைத்துப்பாக்கி நீட்டுவதற்கு. உட்கார்ந்து ஏரியை ரசிக்கிற அதே இடத்திலிருந்து சுடவும் தயாராக இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஹைலேண்ட்ஸ் வாழ்க்கையை எனக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. கதவுக்கு நேர் மேலே, வருகிறவன் தலையில் கல்லோ வேறெதுவோ போடுவதற்கான திறப்பும் உண்டு. கோட்டைக்குள் நுழைந்துவிட்டவன் இந்தக் கோபுரத்துக்குள்ளும் நுழைய வேண்டுமென்றால் இன்னொரு பள்ளம், இன்னொரு தூக்குப் பாலம் தாண்ட வேண்டும்.

யார் கட்டியது? எவ்வளவு பழசு?

இன்று நிற்கும் கோட்டை 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. வடக்கே கலகங்கள் அடங்கிய பிறகு, மன்னர் இரண்டாம் அலெக்சாண்டரின் மருமகன் ஆலன் டர்வர்டு இந்தப் பகுதியின் பிரபுவாக இருந்தார். தெற்கு மேட்டில் முதல் கல்கட்டடம் அவர் காலத்தது. 1275இல் அவர் இறந்தபின் காமின் குடும்பத்துக்குப் போனது. சுற்றுமதிலும் மண்டபங்களும் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகு.

ஆனால் மேடு அதைவிட மிகப் பழசு. 1983இல் நடந்த தொல்லியல் ஆய்வில், தெற்கு மேட்டின் சரிவில் கண்ணாடி மாதிரி உருகி ஒட்டிக்கொண்ட கற்கள் கிடைத்தன. மரச்சட்டங்களுக்கு நடுவே கல் அடுக்கிக் கட்டிய பழங்கோட்டைச் சுவர் கடுந்தீயில் எரிந்தால் கல் இப்படி உருகும். ஸ்காட்லாந்தில் பல மலைக்கோட்டைகளில் இது உண்டு. கார்பன் கணிப்பில் கிடைத்த காலம் 5ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. அப்போது இங்கே இருந்தவர்கள், ஸ்காட்லாந்தின் வடக்கே வாழ்ந்த பழங்குடி மக்களான பிக்டுகள்.

இதை ஒட்டி எழுத்துச் சான்றும் ஒன்று இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துத் துறவி கொலம்பா பிக்டு அரசனைக் காண இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனார். வழியில் ஏர்ஷார்ட்டன் என்ற இடத்தில் சாகும் தறுவாயில் இருந்த எம்காத் என்ற பெரியவருக்கும், அவர் மகன் விரோலெக்குக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று, சுமார் நூறு வருஷம் கழித்து அவர் வரலாற்றை எழுதிய அடம்னான் சொல்கிறார். ஏர்ஷார்ட்டன் இந்த அர்கார்ட் பகுதிதான். எம்காத்தின் வீடு இதே மேட்டில் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நிரூபணம் இல்லை. ஆனாலும் தெற்கு மேட்டில் நிற்கும்போது அந்த முதியவர் நினைவுக்கு வராமல் இருக்காது.

எத்தனை பேர் கையில் மாறியது?

எண்ணி முடியாது. பெரிய திருப்பங்களை மட்டும் சொல்கிறேன்.

1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்துக்குள் படையெடுத்தபோது இதைப் பிடித்தார். அடுத்த வருஷமே ஸ்காட்டுகளின் தலைவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ டி மோரே இரவில் தாக்கியும் மீட்க முடியவில்லை. பிறகு ஸ்காட்டுகள் கைக்கு வந்து, 1303இல் மறுபடி எட்வர்டிடம் போய், 1307இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் கைப்பற்றினார். 1333இல் ஹாலிடன் ஹில் போரில் ஸ்காட்டுகள் படுதோல்வி அடைந்தபோது, சிறுவனாக இருந்த மன்னர் இரண்டாம் டேவிட்டின் பக்கம் நாடு முழுவதிலும் ஐந்தே கோட்டைகள்தான் விழாமல் நின்றன. அவற்றில் ஒன்று அர்கார்ட்.

அதன் பிறகு இங்கிலாந்துக்காரர்களைவிட மேற்குத் தீவுகளின் மெக்டொனால்டு குலத்தார்தான் பெரிய தலைவலி. 1395இலிருந்து மாறி மாறிப் பிடிப்பதும் விடுவதுமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஒழுங்கு வரட்டும் என்று 1509இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ், கோட்டையைப் பழுது பார்த்துக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிராண்ட் குலத்துக்குக் கொடுத்தார். அவர்கள் கட்டினார்கள். ஆனால் 1545இல் மெக்டொனால்டுகளும் கேமரன் குலத்தாரும் சேர்ந்து வந்து அடித்த கொள்ளையில் 2,000க்கு மேற்பட்ட மாடுகள் போயின. கோட்டைக்குள்ளிருந்த சாமான், பீரங்கி, ஏரியில் நின்ற படகுகள் எல்லாம் போயின. கதவுகளைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாடுதான் அங்கே செல்வம். இத்தனை மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த குடியானவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? பிரபுக்களின் பெயர்கள் பலகையில் இருக்கின்றன. நஷ்டப்பட்டவர்களின் பெயர் இல்லை.

1644இல் மத விவகாரத்தில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து, அங்கே தங்கியிருந்த லேடி மேரி கிராண்டைக் கொள்ளையடித்து வெளியே துரத்தியது. மூன்று வருஷம் கழித்து எடுத்த சாமான் பட்டியலில் கோட்டை ஏறக்குறைய காலி.

கடைசியில் கோட்டையை இடித்தது யார்?

அதைக் காத்துநின்ற சிப்பாய்களேதான்.

1688–89இல் கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸ் அரியணை இழந்து, வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்தார்கள். ஜேம்ஸின் ஆதரவாளர்களை ஜேக்கபைட்டுகள் என்பார்கள். கிராண்ட் குலத் தலைவர் லுடோவிக் கிராண்ட் புதிய மன்னர் பக்கம் நின்று, தன் ஆட்கள் 200 பேரைக் கோட்டைக்குள் வைத்தார். 500 ஜேக்கபைட்டுகள் முற்றுகையிட்டார்கள். கோட்டை விழவில்லை. 1690 மே மாதம் கிராம்டேலில் ஜேக்கபைட் படை தோற்ற பிறகும் காவல் தொடர்ந்தது.

பிறகு 1692இல் காவல்படை கிளம்பும்போது, எதிரி கையில் இது மறுபடி சிக்கிவிடக்கூடாது என்று வாசல் கட்டடத்தில் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். வாசல் போனால் கோட்டை கோட்டை இல்லை. எத்தனையோ படையெடுப்பைத் தாங்கிய சுவர்கள், உள்ளே இருந்தவர்களே வைத்த வெடியில் சாய்ந்தன. மேலே நான் சொன்ன அந்தச் சாய்ந்த சுவர்த் துண்டுகள் அன்றைய தினத்தில் விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றன. இந்தக் கோட்டையில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் கோபுரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள் என்பேன்.

கிராண்டுக்கு நஷ்ட ஈடாக 2,000 பவுன் தரச் சொல்லி நாடாளுமன்றம் உத்தரவிட்டது. பணம் வரவில்லை, பழுதும் பார்க்கவில்லை. பிறகு ஊர்க்காரர்கள் கல்லையும் மரத்தையும் ஈயத்தையும் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1715இல் அடித்த புயலில் கிராண்ட் கோபுரத்தின் தெற்குப் பக்கம் சரிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோட்டைக்குக் கூரையே இல்லை.

திரும்பக் கட்டியிருக்கலாமே? ஏன் இப்படியே விட்டார்கள்?

பல பேர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 1911இல் இறந்த சீஃபீல்டு கோமாட்டி கரோலைன், கோட்டையை அரசின் பராமரிப்பில் விட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். 1913இல் அப்படியே ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு செய்ததெல்லாம் இடிபாட்டு மண்ணை அள்ளி அடித்தளங்களை வெளிக்கொண்டு வந்ததும், நிற்கிற சுவர் விழாமல் காரை பூசியதும்தான். இப்போது பார்த்துக்கொள்வது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு.

என் கருத்து: விட்டதே நல்லது. புதுக் கல்லை வைத்துக் கட்டினால் எந்த நூற்றாண்டைக் கட்டுவது? டர்வர்டு காலத்தையா, கிராண்ட் காலத்தையா? எதைக் கட்டினாலும் மற்றதெல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும். இப்போது எல்லாக் காலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. பார்வையாளர் மையம் கட்டியபோதும் இந்தக் கவனம் இருந்தது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பி, பொது விசாரணை நடந்து, அதன் பிறகே அனுமதி கிடைத்தது. கட்டடத்தைச் சாலைக்குக் கீழே சரிவுக்குள் பதித்துவிட்டார்கள். கோட்டையிலிருந்து திரும்பிப் பார்த்தால் உறுத்தாது.

நெஸ்ஸி உண்மையா? கோட்டையிலிருந்து தெரியுமா?

குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்குத்தான் முதலில் பதில் கேட்பார்கள். உண்மை இல்லை. 1933இல் ஏரிக்கரைச் சாலையைச் சீர்செய்த சமயத்தில், அந்த ஆண்டு மே மாதம் இன்வர்னஸ் கூரியர் பத்திரிகையில் வந்த செய்திதான் இன்றைய கதைக்குத் தொடக்கம். அடுத்த வருஷம் வெளியான, நீண்ட கழுத்து தண்ணீருக்கு மேல் நிற்கிற புகழ்பெற்ற புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியில் தலையை ஒட்டி எடுத்த போலி என்று 1994இல் வெளியே வந்தது. 2018இல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மல் குழு ஏரித் தண்ணீரில் மிதக்கும் மரபணுத் துகள்களைச் சேகரித்துச் சோதித்தது. ஊர்வன இனத்தின் மரபணு எதுவும் இல்லை. விலாங்கு மீனின் மரபணுதான் எடுத்த இடத்திலெல்லாம் கிடைத்தது. கொலம்பா கதையிலும் ஒரு நீர்மிருகம் வருகிறது. ஆனால் அது நெஸ் ஆற்றில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது, ஏரியில் இல்லை.

ஏரி தன்னளவிலேயே பெரிய அதிசயம். ஆழம் 230 மீட்டர் வரை போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏரிகளின் தண்ணீர் முழுவதையும் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரிக்கு ஈடாகாது. சுற்றியுள்ள கரி மண் கரைந்து வருவதால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். கொஞ்ச ஆழத்திலேயே ஒளி நின்றுவிடும். அவ்வளவு தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் கடுங்குளிரிலும் உறைவதில்லை. கோபுரத்தின் மேலிருந்து அந்தக் கறுப்பைப் பார்க்கும்போது கதை ஏன் பிறந்தது என்று மட்டும் புரியும்.

எப்படிப் போவது?

இன்வர்னஸ் வரை ரயில் உண்டு. எடின்பரோவிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரம். லண்டனிலிருந்து பகலில் நேரடி ரயிலில் எட்டு மணி நேரம் ஆகும்; யூஸ்டன் நிலையத்திலிருந்து இரவு ஸ்லீப்பர் ரயிலும் உண்டு. இன்வர்னஸ் பஸ் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் சிட்டிலிங்க் பஸ் கோட்டை வாசலிலேயே நிற்கும். ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். அடிக்கடி பஸ் கிடையாது. அதனால் திரும்பும் பஸ் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

காரில் போகலாம். இந்தியாவைப் போல இடது பக்க ஓட்டம்தான். நம்முடைய லைசென்ஸ் வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை செல்லும். ஆனால் வாகன நிறுத்துமிடம் சின்னது. கோடையில் பதினோரு மணிக்குள் நிரம்பிவிடும். ஏ82 வளைந்து நெளிந்து போகிற, வண்டிகள் வேகமாக வருகிற சாலை. ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள், ஆபத்து.

படகில் சுற்றினால் போதாதா? உள்ளே போகத்தான் வேண்டுமா?

படகு நல்ல யோசனை, ஆனால் உள்ளே போகிற டிக்கெட்டோடு சேர்த்து எடுங்கள். சில படகுகள் கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும், சில கோட்டைத் துறையில் இறக்கிவிடும். எதில் ஏறுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரிலிருந்து பார்த்தால் மதிலின் உயரமும் முனையின் அமைப்பும் நன்றாகத் தெரியும். பல நூறு வருஷம் மக்கள் இந்தக் கோட்டையை முதலில் பார்த்தது அந்தக் கோணத்தில்தான். ஆனால் அகழியும் வாசலும் ஏரியிலிருந்து தெரியவே தெரியாது.

விசா தனியா?

ஸ்காட்லாந்துக்கென்று தனி விசா இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் சுற்றுலா விசா வேண்டும். ஐரோப்பிய ஷெங்கன் விசா இங்கே செல்லாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் வரலாம், ஆனால் கிளம்பும் முன் இடிஏ என்ற மின்னணு அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது? என்ன உடை?

மே, செப்டம்பர் இரண்டும் என் தேர்வு. ஜூனில் பகல் மிக நீளம், சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் மிக அதிகம். ஸ்காட்லாந்தின் அரசுப் பராமரிப்புக் கோட்டைகளில் எடின்பரோ, ஸ்டிர்லிங் இரண்டுக்கும் அடுத்தபடியாக மக்கள் குவிவது இங்கேதான். டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கோட்டையும் சீக்கிரம் மூடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் விடுமுறை.

கோடையில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்க்கும், காற்று இல்லாத மாலையில் தாங்க முடியாது. தடவும் மருந்து உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும். உடையைப் பொறுத்தவரை, எந்த மாதம் போனாலும் மழைக் கோட்டு வேண்டும். குடை வேண்டாம், பள்ளத்தாக்கு வழியாக வருகிற காற்று அதைப் பிய்த்துவிடும். ஈரக் கல்லில் வழுக்காத ஷூ மிக முக்கியம். புடவையில் சுழல்படி ஏறுவது சிரமம் என்பதை அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிக்கெட், நேரம்?

ஆன்லைனில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிடக் குறைவு, கோடையில் இடமும் உறுதி. ஸ்காட்லாந்தில் இன்னும் இரண்டு மூன்று கோட்டைகள் பார்ப்பதாக இருந்தால் எக்ஸ்ப்ளோரர் பாஸ் லாபம். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறும் என்பதால் எண்ணை இங்கே எழுதவில்லை.

இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலில் மையத்தில் ஓடும் சின்னப் படத்தைப் பாருங்கள். அது முடியும்போது திரை விலகிக் கண்ணாடி வழியே நிஜக் கோட்டை தெரியும். மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பொருள்களையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. குழந்தையும் கூட வருகிறது. முடியுமா?

மையத்துக்குள் லிஃப்ட் உண்டு, அங்கிருந்தே கோட்டையும் ஏரியும் முழுதாகத் தெரியும். அதற்குக் கீழே சரிவுப் பாதை. இறங்கும்போது சுலபம், ஏறும்போது மூட்டுவலிக்காரர்களுக்குக் கஷ்டம். கோட்டைக்குள் உருளைக்கல் தரையும் படிகளும்தான் அதிகம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் கீழ் முற்றம் வரை போய் உட்கார்ந்துகொண்டு, கோபுரத்தை விட்டுவிடலாம். கழிப்பறை மேலே மையத்தில் மட்டுமே, இறங்குவதற்கு முன்பே போய்விட்டு வருவது நல்லது.

குழந்தைகளுக்கு இரண்டு விஷயம் பிடிக்கும். ஒன்று, முழு அளவில் செய்து வெளியே நிறுத்தியிருக்கும் டிரபுஷே என்ற கல்லெறி பொறி. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் பெரும் பாரம், மறுமுனையில் கவண். பாரம் விழ, கல் பறக்கும். இன்னொன்று, வாசலருகே இருக்கும் இருட்டான சிறை அறை. கேலிக் (Gaelic) என்ற ஸ்காட்லாந்து மொழியில் பாடிய கவிஞர் டோனல் டோன் இங்கே அடைபட்டிருந்தார் என்றும், கிராண்ட் தலைவரின் மகளைக் காதலித்ததும் மாடு கடத்தியதும் அவர் செய்த குற்றங்கள் என்றும் சொல்லப்படுகிறது. சுவர் விளிம்புகளில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, சின்னக் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

சாப்பாடு?

மையத்தில் காபி கடை உண்டு. சூப், சாண்ட்விச், கேக் கிடைக்கும், சைவத்துக்கும் ஏதாவது இருக்கும். நல்ல சோறு வேண்டுமென்றால் இன்வர்னஸ் திரும்பித்தான்.

படம் எடுக்க எந்த நேரம்? ட்ரோன் விடலாமா?

கோட்டை ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால், மேலேயிருந்து எடுத்தால் காலையில் வெயில் உங்கள் முகத்துக்கு நேரே வரும். சுவர்கள் கறுத்துப் போகும். பிற்பகலில் அதே சுவர்கள் பொன்னிறத்தில் வரும். தெற்கே நீளும் ஏரியைக் கோபுரத்திலிருந்து எடுக்கக் காலை நல்லது. ட்ரோனுக்கு முன் அனுமதி கட்டாயம்.

அதே நாளில் வேறு என்ன சேர்க்கலாம்?

தெற்கே போகிறவர்கள் சாலையோரத்தில் ஜான் காப் நினைவுச் சின்னத்தில் நிற்கலாம். 1952 செப்டம்பர் 29இல் இந்த ஏரியில் படகு வேக சாதனை முயற்சியில் உயிரிழந்தவர் அவர். அதையும் தாண்டி ஏரியின் தென்முனையில் ஃபோர்ட் அகஸ்டஸ். கலிடோனியன் கால்வாயின் ஐந்து மதகுகளில் படகுகள் படிப்படியாக ஏறி இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1822இல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. வடக்கே திரும்புகிறவர்களுக்கு, 1746 ஏப்ரல் 16இல் ஜேக்கபைட்டுகளின் கதை முடிந்த கலோடன் போர்க்களம் இன்வர்னஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கோட்டையையும் கலோடனையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் காலையில் கோட்டை, பிற்பகலில் கலோடன் என்று வையுங்கள். அர்கார்டை இடிக்க வைத்த சண்டை எங்கே போய் முடிந்தது என்று அந்த வரிசையில்தான் புரியும்.